பதின்மூன்றடி ஆசை

மதுரைக்காரர் ஒருவர் 13 அடி இருகைத் தூண்டில் வாங்கியிருக்கிறார். ட்ரௌட் மீனுக்காம். அந்தக் கம்புக்கான வீச்சு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரையில் பிறந்தது: முதுகுக்குப் பின்னால் மரம் நின்றாலும் நரம்பைத் தண்ணீர்மேல் சுழற்றி எறிந்துவிடலாம். நல்ல வித்தைதான். நம் வைகையில் பாதி நாள் முன்னால் தண்ணீரே இருப்பதில்லை.

ட்ரௌட்டோ குளிர்நீர்ப் பிராணி. தண்ணீர் 25 டிகிரியைத் தொட்டாலே அதற்கு மூச்சு முட்டும். நீலகிரிக்குத்தான் ஏற வேண்டும். 1907-லேயே அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் அதற்குப் பொரிப்பகம் வைத்தார்கள். ஆனால் அந்த ஓடைகளின் அகலத்துக்கு 9 அடி ஒற்றைக்கைக் கம்பே அதிகம்.

அண்ணன் இப்போது வண்டியூர் கண்மாயில் பயிற்சி எடுக்கிறார். பக்கத்தில் ஒரு பொடியன். மூங்கில் குச்சி, மண்புழு.

“அண்ணே, தள்ளிப் போய் வீசுங்க. ஜிலேபிக் கெண்டை மிரளுது.”

அவன் வாளியில் ஏழு கிடந்தன.