பெட்டியில் என்ன வைப்பது?

வெளிநாட்டுப் பயணம் முடிகிற நேரத்தில் எல்லாருக்கும் இரண்டு மனசு. ஒன்று, 'இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போலாமே' என்னும். இன்னொன்று, 'ரசஞ்சோறு எப்போ?' என்னும். திருப்பூர்க்காரனுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லை உண்டு: ஊருக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது?

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆளுக்கொரு டீ-ஷர்ட் வாங்கினால் தீர்ந்தது. டீ-ஷர்ட் தைத்தே பிழைக்கிற நாங்கள் அதைச் செய்ய முடியுமா?

2023 ஜூன் 8 முதல் 14 வரை இத்தாலியின் மிலான் நகரில் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி எந்திரக் கண்காட்சி. 4 வருடத்துக்கு ஒருமுறை வருவது. சம்சாரத்தோடு போய்விட்டு, அப்படியே ஜெர்மனியில் மச்சினன் வீட்டில் ஒட்டிக்கொண்டேன்.

மிலானில் பெரிய தேவாலயத்துக்கு முன்னால் நின்று உலகமே அண்ணாந்து கோபுரம் பார்க்கிறது. நான் பார்த்தது அண்ணாந்தவர்களின் கழுத்தை. நெக் ரிப் தொளதொளத்திருக்கிறதா, தையல் நேராக ஓடுகிறதா? ஒரு பையனுக்கு சைடு சீம் முறுக்கிக்கொண்டு தொப்புள் வரை வந்திருந்தது. "பாரு, ஸ்பைராலிட்டி!" என்றேன். "ஏனுங்க, அவன் நம்மளையே பாக்கறான், வாங்க போலாம்" என்று சம்சாரம் இழுத்துப் போனாள்.

கடைக்குள் நுழைந்தால் கை தன்னால் சட்டையைத் திருப்பி லேபிளைத் தேடும். 'மேட் இன் பங்களாதேஷ்' என்றிருந்தால், கோர்ட்டு வாசலில் பங்காளியைப் பார்த்த மாதிரி முகம் திரும்பிக்கொள்ளும். அப்போது அவர்கள் சட்டைக்கு அங்கே சுங்கவரி இல்லை, நம்முடையதுக்கு இருந்தது. 'மேட் இன் இந்தியா' என்றிருந்தால் சந்தோஷம்தான், ஆனால் வாங்க மனசு வராது. 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி, பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக, வெள்ளை டீ-ஷர்ட் தேடி எங்கள் ஊருக்கு வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ வந்தது. அவர்கள் கன்டெய்னர் கன்டெய்னராய் ஏற்றிப் போனதில் ஒன்றை நான் யூரோ கொடுத்து வாங்கித் திரும்பச் சுமந்து வந்தால், எங்கள் ஊர்க் காதர்பேட்டைக் கடைத்தெருவே கைகொட்டிச் சிரிக்காதா?

மச்சினன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஹாரன் கிடையாது. முதல் வாரம் சொர்க்கம் என்றேன். கடைசி வாரம் தையல் பவர்டேபிள் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல்தான் கிளம்பி வந்தேன் என்பதைச் சம்சாரம் ஞாபகப்படுத்தினாள்.

இருப்பதா, போவதா என்று மனசு ஊசலாடிக்கொண்டிருந்தபோது என் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். சனிக்கிழமைச் சம்பளம் போட்டாயிற்று. ஷிப்மெண்ட் ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டது. செக்கிங்கில் ரிஜெக்ட் குறைந்திருக்கிறதாம். "நீங்க நிதானமா வாங்கண்ணா, இங்க எல்லாம் நல்லாத்தானுங்க போகுது."

முதலாளி ஒருவனை இதைவிட மரியாதையாக யாரும் கலங்கடிக்க முடியாது. அன்று ராத்திரியே பெட்டி கட்டினேன். உள்ளே முழுக்க சாக்லேட்.

அடுத்த ஐ.டி.எம்.ஏ. 2027-ல், ஜெர்மனியின் ஹனோவரில். போகிற பங்காளிகளுக்கு ஒரு வார்த்தை: துணி வாங்காதீர்கள். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள். கம்பெனிக்கு மட்டும் போன் போடாதீர்கள். நீங்கள் இல்லாமலே அது ஓடும் என்பது ஊருக்கு வந்த பிறகு தெரிந்தால் போதும்.