மண் மிதித்தவர் பயனாளி

அழைப்பிதழ் வழவழப்பான தாளில், நான்கு மடிப்பில் வந்திருந்தது. ‘பல்துறை ஊடாட்டத்தில் நிகழ்முறைக் கலை: பொதுமக்கள் பங்கேற்கும் இருநாள் விழா.’ உள்ளே வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை (நால்வர்), சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண் எல்லாம் நேரத்தோடு இருந்தன. கலை எத்தனை மணிக்கு என்று மட்டும் போடவில்லை. முடிவு முக்கியமில்லை, உருவாகிற விதம்தான் கலை என்று சொல்கிறவர்களிடம் போய் மணி கேட்பது அநாகரிகம்தான்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும்.

துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு ஈரக் களிமண்ணில் வலது பெருவிரலை மட்டும் பதித்து விழாவைத் தொடங்கிவைத்தார். விரலைத் துடைக்க மூன்று பேர் டிஷ்யூவோடு ஓடினார்கள். நுண்ணுயிரியல் துறை, வளாகத்துக் கதவுக் கைப்பிடிகளில் எடுத்த பாக்டீரியாவைப் பெட்ரி தட்டுகளில் வளரவிட்டு ‘வளரும் ஓவியம்’ என்று வைத்திருந்தது. இயற்பியல் துறை ஒரு மணி பிளான்ட்டின் இலையில் மின்முனை ஒட்டியிருந்தது. செடி பாடுகிறதாம். தமிழ்த்துறைக்குப் பல்துறை ஊடாட்டத்தில் கிடைத்த பங்கு, நிகழ்ச்சித் தொகுப்பு. ஓ.டி. உண்டு என்று சொல்லியிருந்ததால் மாணவர்கள் தேநீர் வரைக்கும் இருந்தார்கள்.

நடுவில் தார்ப்பாயின் மேல் மண் குவியல். பக்கத்து ஊரிலிருந்து அழைத்து வந்த குயவர் ஒருவர் அதை மிதித்துக்கொண்டிருந்தார். குதிகாலை நடுவில் ஊன்றி, சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாக வந்தார். காலில் ஒரு பொடிக்கல் தட்டுப்பட்டால் குனிவதில்லை. பெருவிரலாலேயே நெம்பி ஓரத்தில் தள்ளிவிட்டு அடுத்த அடி. பதம் வந்ததும் சக்கரத்துப் பக்கம் திரும்பியவரை ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்து தடுத்தார்.

“ஐயா, பானை செஞ்சிடாதீங்க. பானை ஆயிட்டா அது ப்ராடக்ட். நமக்கு ப்ராசஸ்தான் வேணும். மிதிச்சிட்டே இருங்க.”

“பானை பண்ணாம எதுக்குங்க மிதிக்கிறது?”

அந்த அரங்கில் எழுந்த ஒரே கலை விமரிசனம் அதுதான். ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கட்டுரைக்கு ஆகும்.

ஃபிளெக்ஸில் தொப்பியோடு கலைஞர் யோசஃப் பாய்ஸ் இருந்தார். பாவம். ஜெர்மனியில் டுசல்டார்ஃப் கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, இடம் மறுக்கப்பட்ட மாணவர்களைத் தன் வகுப்பில் சேர்த்துக்கொண்டவர் அவர். அவர்களோடு போய் அலுவலகத்துக்குள் உட்கார்ந்தும் விட்டார். 1972-இல் வேலை போயிற்று. அந்த நீக்கம் செல்லாது என்று 1978-இல் தீர்ப்பு வந்தது. சேர்க்கை விதியைத்தான் அவர் முதலில் பிசைந்தார். வெண்ணெய் பிறகு வந்தது. 1982-இல் அதே கழகத்தில், தன் அறையின் மேல்மூலையில் ஐந்து கிலோ வெண்ணெயைக் கலைப்படைப்பாக அப்பினார். அவர் இறந்த 1986-ஆம் ஆண்டிலேயே அறையைச் சுத்தம் செய்தபோது அதுவும் போனது. வழக்காகி, மாநில அரசு 40,000 மார்க் இழப்பீடு கொடுத்தது. நம்மவர்கள் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது வெண்ணெயை மட்டும்.

பாய்ஸ் இங்கே இருந்திருந்தால் கௌரவ விரிவுரையாளராக இருந்திருப்பார். அவரை நீக்கி, வழக்கைச் சந்தித்து, தோற்று, அவ்வளவு சிரமமே வேண்டாம். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடாமல் விட்டால் தீர்ந்தது. அந்த வேலைக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே சொல்லியாயிற்று. அதில் பாதிக்கு வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிற முனைவர்கள்தான் அன்று வாசலில் நின்று சாப்பாட்டு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சிறப்புரை ‘பராமரிப்பும் கலையும்’. அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்டு நகர அருங்காட்சியகத்தின் படிகளை 1973-இல் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலீஸ் கழுவுகிற படம் திரையில் வந்தது. உரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதே கட்டடத்துக்குள் அந்த அம்மாள் செய்த இன்னொரு வேலையைப் பேச்சாளர் தொடவில்லை. மம்மி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை வழக்கமாகத் துடைப்பவர் அங்கே துப்புரவுப் பணியாளர். யூகலீஸ் அதைத் தானே துடைத்து, இது கலைப்படைப்பு என்று முத்திரை குத்தினார். முத்திரை விழுந்தபின் அதைப் பணியாளர் துடைக்க முடியாது, கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர்தான் துடைக்க வேண்டும். அதே கண்ணாடி, அதே துணி. துடைக்கிற கைக்கு யார் என்ன மரியாதை தருகிறார்கள் என்பதை அந்த அருங்காட்சியகத்துக்குள்ளேயே வைத்து அவர் உரித்துக் காட்டினார்.

அதே யூகலீஸ் 1979, 80-இல் நியூயார்க்கின் 8,500 துப்புரவுப் பணியாளர்களிடம் நேரில் போய்க் கைகுலுக்கி நன்றி சொன்னார். நம் மாநிலத் தலைநகரிலும் கை பிடித்தார்கள். 2025 ஆகஸ்டில், இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களை, நீதிமன்ற உத்தரவைக் காட்டி, 13-ஆம் நாள் நள்ளிரவில் போலீஸ் பிடித்தது. குலுக்குவதற்கு அல்ல.

சிறப்புரை நடக்கும்போது வளாகத்தின் துப்புரவுப் பெண்கள் நான்கு பேர் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்றார்கள். ஒப்பந்ததாரரின் ஆட்கள். பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் கிடையாது. “பேச்சு முடியட்டும்மா, அப்புறம் உள்ள வாங்க” என்று ஒரு உதவிப் பேராசிரியர் கதவைச் சாத்தினார். உள்ளே பேச்சு அவர்களைப் பற்றியது. சனிக்கிழமை முழுக்க அவர்களுக்குச் சொல்லியிருந்தது, “அந்த மண்ணைத் தொட்டுடாதீங்க, அது ஆர்ட்.” ஞாயிறு மாலை நாட்டுப்பண் முடிந்ததும் சொன்னது, “காலையில ஆய்வுக் குழு வருது. ஏழு மணிக்குள்ள டைல்ஸ் பளபளன்னு இருக்கணும்.” டைல்ஸ் இடுக்கில் இறுகிப்போன களிமண்ணை அவர்கள் கொட்டாங்குச்சி வைத்துச் சுரண்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்டேன். ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வையில் நான் புத்தகம் படிக்கிற ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது புரிந்தது.

பெட்ரி தட்டுக்கும் மணி பிளான்ட்டுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஜியோ டேக் படங்கள் எடுத்தார்கள். நாக் தரமதிப்பீட்டுக்கு அது வேண்டும். சுரண்டலுக்குப் படம் இல்லை.

முடிவே இல்லாத நிகழ்முறை ஒன்றை இந்தப் பல்கலைக்கழகம் பல்லாண்டாக நிகழ்த்தி வருவது நிதிப் பிரிவில்தான். குயவருடைய பில் எழுத்தரிடமிருந்து கண்காணிப்பாளருக்கும், அங்கிருந்து உதவிப் பதிவாளருக்கும் போய், நிதி அலுவலரிடம் நின்றது. ஓரத்தில் குறிப்புகள் சேர்ந்தன. ‘களிமண் கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்படவில்லை.’ ‘ஜிஎஸ்டி எண் இல்லை.’ கடைசியாகப் பச்சை மையில்: ‘பொருள் ஏதும் உற்பத்தி செய்து ஒப்படைக்கப்படாத நிலையில், எந்த வேலைக்காகத் தொகை வழங்குவது என்பதைத் தெளிவுபடுத்தி மீள அனுப்புக.’

கோப்பு ஒருங்கிணைப்பாளரின் மேசைக்குத் திரும்பியிருக்கிறது. விழா அறிக்கை மட்டும் அச்சாகிவிட்டது. கெட்டி அட்டை, வண்ணப் படங்கள், 64 பக்கம். குயவர் அதில் கலைஞர்கள் பட்டியலில் இல்லை, பயிற்றுநர் பட்டியலிலும் இல்லை. ‘சமூக நலத் தொடர்பு’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியில் இருக்கிறார்: ‘பயனாளிகள்: பாரம்பரியக் கைவினைஞர் - 1.’