சக்கரமும் உட்சக்கரமும்

1905-இல் சிகாகோவில் தோன்றிய ரோட்டரி, அதாவது தொழில்புரிவோர் கூடித் தோழமையும் தொண்டும் வளர்க்கும் சங்கம், கடல் கடந்து தேனி வரை வந்து சேர்ந்தபோதிலும், தன்னலமற்ற சேவைக்கு மீசை இன்றியமையாதது என்று கருதியதைப்போல் 84 ஆண்டுகள் ஆண்களை மட்டுமே உறுப்பினராக ஏற்கும் விதியைக் காத்துவந்தது. மனைவியருக்கு 1924-இல் மான்செஸ்டரில் தொடங்கிய ‘இன்னர் வீல்’, அதாவது உட்சக்கரம், என்னும் தனி மன்றம் வாய்த்தது. பெண்களைச் சேர்த்த குற்றத்திற்காகக் கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1978-இல் நீக்கப்பட, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளிக்க, 1989-இல் விதியே மாறியது. கம்பம் பள்ளத்தாக்கின் நாற்று நடவும், விடியுமுன் ஜீப்பேறி மலைக்குச் சென்று செய்யும் ஏலக்காய் எடுப்புமோ, எந்தத் தீர்ப்புக்கும் காத்திராமல் தொடக்கம் முதலே பெண்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டன. அங்கு வசூலிக்கப்படும் சந்தா முதுகுவலி மட்டுமே.