கேமராவுக்குத் துணைக்குப் போகிறவர்

சிலிக்கன் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்களில் ஒரு வகையினர் உண்டு. குளிர்காலம் பாதி கழிவதற்குள் ‘இந்தக் கோடையில் ஜான் மியூர் தடம், தனியாக’ என்று அறிவித்துவிடுவார்கள். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் புறப்பட்டு, 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரத்தில் போய் முடியும் மலைப்பாதை அது. ஏறக்குறைய 340 கிலோமீட்டர். சாதாரணமாக மூன்று வார நடை. ஊரிலிருந்து அம்மா, “தனியாவாப்பா? கூட யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போயேன்” என்பார். “கூட ஆள் வந்தா அவங்க நிக்கிற எடத்துல நிக்கணும், எழுப்புற நேரத்துக்கு எந்திரிக்கணும்மா. எனக்குச் சரிப்படாது” என்று பதில் போகும். நியாயமான பதில்தான். ஆனால் நம்மவருடைய ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், நிற்கச் சொல்லவும் எழுப்பிவிடவும் ஓர் ஆசாமி கூடவே போவது தெரியும். பயணமே அந்த ஆசாமியுடையது. இவர் துணைக்குப் போகிறார். அந்த ஆசாமி, கேமரா.

முதல் சாட்சி தராசு. நெடுநடைக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு: உணவு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் நீங்கலாக மூட்டை 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் அடங்கினால் அவர் ‘அல்ட்ராலைட்’ சாதிக்காரர். அந்தச் சாதியில் சேர நம்மவர் படும் பாடு கொஞ்சமல்ல. சமையலறைத் தராசு மேசைக்கு வரும். எக்ஸெல் தாளில் ஒவ்வொரு பொருளும் கிராம் கணக்கில் ஏறும். பல் துலக்கும் பிரஷின் கைப்பிடி பாதியாக அறுபடும். கூடாரத்தில் தைத்திருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டைக்கூட விடாமல் கத்தரித்து, அதையும் எடை போட்டுப் பார்த்து மகிழ்வார். அதே எக்ஸெல்லின் அடுத்த பக்கத்தில் ஃபுல் ஃப்ரேம் கேமரா, 24-70 லென்ஸ், 70-200 லென்ஸ், கார்பன் ஃபைபர் ட்ரைபாட், உபரி பேட்டரிகள், பவர் பேங்க், ஃபில்டர்கள். எஃப்/2.8-க்குக் குறைந்து இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தால், இந்தப் பக்கமும் நாலரைக் கிலோவைத் தொடும். ஆளுக்கு ஆள் சரிசமமான மூட்டை. அந்த மலையில் கரடி உண்டு என்பதால், சாப்பாட்டோடு பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாவற்றையும் கரடி திறக்க முடியாத கனமான பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோக வேண்டும். அதில் அம்மா அனுப்பிய பூண்டுப் பொடிக்கு இடமில்லை. 200 கிராம் அதிகமாம். ஒன்றரைக் கிலோ லென்ஸுக்கு அப்படி எந்த ஆட்சேபமும் எழுவதில்லை.

இரண்டாவது சாட்சி நேரம். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு முன்பே பெர்மிட் குலுக்கலில் பெயர் கொடுத்து, விழுந்த தேதியைக் கட்டிக்கொண்டு, தவுசண்ட் ஐலண்ட் ஏரியை எந்த மாலை அடைவது, பேனர் சிகரத்தில் எந்த விடியலின் சிவப்பு விழும் என்று செயலியில் சூரியனின் ஜாதகத்தையே கணித்துவைப்பார். டப்பாவில் ஒரு வாரச் சோறுதான் அடங்கும். தீர்வதற்குள், முன்கூட்டியே சாப்பாடு நிரப்பித் தபாலில் அனுப்பிய பிளாஸ்டிக் வாளி காத்திருக்கும் மியூர் டிரெயில் ராஞ்சை எட்டிவிட வேண்டும். ஆனாலும் மேகம் விலகவில்லை என்றால் கேமராவுக்காக அரை நாள் காத்திருப்பார், வயிறு காத்திருக்கும். விடிகாலை நாலு மணிக்கு எழுப்புவதும் கேமராதான். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்று பேட்டரிகள் எல்லாம் உறக்கப் பைக்குள் அவரோடு கதகதப்பாகப் படுத்திருக்கும். நனைந்த காலுறை வெளியே விறைத்துக் கிடக்கும். கல்யாண வீட்டில் சம்பந்தியைக்கூட இப்படிக் கவனிக்கமாட்டார்கள். பெர்மிட்டில் மட்டும் ‘நபர்கள்: 1’.

“கேமரா இருந்தால்தான் கண் கூர்மையாகிறது, இல்லாவிட்டால் பாதியைக் கவனிக்காமல் போய்விடுவேன்” என்பது அவருடைய வலுவான வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கூர்மை விடியலிலும் அந்தியிலும் மட்டும் வேலை செய்கிறது. பகல் பத்து மணிக்கு மேல் எந்தப் புல்வெளியைக் கடந்தாலும் ‘லைட்டு சரியில்லை’. விட்னி பகுதியில் அவரவர் மலத்தை அவரவரே பையில் கட்டிச் சுமந்து இறங்க வேண்டும் என்பது விதி. அந்தப் பையும் படத்தில் வராது. வருவது, பாறைமேல் நின்று தொடுவானத்தைப் பார்க்கும் தன்னந்தனி முதுகு. அந்த முதுகை எடுக்க அவர் ட்ரைபாடை நிறுத்தி, டைமரைத் தட்டி, பாறைக்கு ஓடி, மூச்சை அடக்கி நின்று, திரும்ப வந்து பார்த்து, தலை வெட்டுப்பட்டிருந்தால் மறுபடி ஓட வேண்டும். ஒரே பாறைக்கு மூன்று முறை மலையேற்றம். கண் தொடுவானத்தில்; காது மட்டும் பின்னால், ஷட்டர் விழுந்ததா என்று.

“அப்படியானால் ஆன்சல் ஆடம்ஸ்?” என்று கேட்பார். இந்தத் தடமே அந்தப் புகைப்படக் கலைஞரின் பெயர் தாங்கிய வனப்பகுதி வழியாகத்தான் போகிறது. சரி, அவரையே சாட்சிக்கூண்டில் ஏற்றலாம். 1927 ஏப்ரல் 10 அன்று சுமார் 18 கிலோ மூட்டையும் 12 கண்ணாடித் தகடுகளுமாக யோசெமிட்டியின் பனிச்சரிவில் ஏறினார். ஹாஃப் டோம் பாறைக்கு முன் நின்றபோது மிச்சம் இரண்டே தகடு. கடைசித் தகட்டில், சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்ததுதான் புகழ்பெற்ற ‘மோனோலித்’. அன்று அவருடன் நண்பர்கள் நால்வர் இருந்தார்கள். படம் எடுக்கப் போனவர் தனிமை தேடிப் போனதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இன்னொரு வாதம், ஆதாரம் வேண்டாமா என்பது. 1948-ல் எர்ல் ஷாஃபர் அப்பலாச்சியன் தடம் முழுவதையும் ஒரே மூச்சில் நடந்து முடித்தபோது, தடத்தைப் பராமரித்த அமைப்பே நம்பவில்லை. நாட்குறிப்பையும் வண்ண ஸ்லைடுகளையும் காட்டித்தான் நம்பவைத்தார். அதற்குமுன் யாரும் செய்து காட்டாத காரியம், ஆகவே கேட்டார்கள். ஜான் மியூர் தடத்தையோ ஆண்டுதோறும் எத்தனையோ பேர் முடிக்கிறார்கள். நம்மவரை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதுதான் அவருடைய உண்மையான மனக்குறை.

படம் எடுப்பது முழுநேர வேலை, தனியாக நடப்பதும் முழுநேர வேலை. இரண்டில் எதைச் செய்தாலும் மரியாதைதான். இரண்டாவதின் பெயரில் முதலாவதைச் செய்யும்போதுதான் சுமைகூலி விவகாரம் வருகிறது. 1860-களில் சாமுவேல் போர்ன் இமயமலைக்குள் கேமராவோடு போனபோது, சாமான்களைச் சுமக்க ஒரு கூட்டமே கூலிக்குப் போனது. அவர்களில் சிலர் நடுவழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டதாக அவரே எழுதி அங்கலாய்த்திருக்கிறார். நம்மவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. கூலி கிடையாது என்பதோடு, சுமக்கிற லென்ஸுக்கு இன்னும் பதினோரு மாதத் தவணை பாக்கி.