பெயர் விடுபட்ட தொழிலாளி

கேள்வி: வீட்டில் பீர் தயாரிக்கத் தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் நான்கும் வேண்டுமாமே! இதில் முதல் மரியாதை யாருக்கு?

பதில்: சந்தேகமில்லாமல் ஈஸ்டுக்கு. ஆனால் 1516-இல் பவேரியப் பிரபுக்கள் போட்ட புகழ்பெற்ற சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. உழைப்பாளியின் பெயர் பட்டியலிலேயே இல்லை! அன்றைய மதுக்காரர்களுக்கு ஈஸ்ட் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். போன தடவை தொட்டியடியில் தங்கிய வண்டலை, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல, அடுத்ததில் சேர்த்தார்கள். அது உயிருள்ளது என்பதுதான் தெரியாது. அதை ஐயமின்றி நிறுவ விஞ்ஞானி லூயி பாஸ்டர் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

'ஹாப்ஸ்தானே கசப்பும் மணமும்?' என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஹாப்ஸ் பரவுமுன் ஐரோப்பாவில் வேறு மூலிகைகளைப் போட்டுக் குடித்தார்கள். பார்லியோடு கோதுமையும் சேர்த்த பீரும் உண்டு. பவேரியாவில் அதைக் காய்ச்சத் தனிச்சலுகையே கொடுத்தார்கள், சட்டம் போட்டவர்கள் ஆயிற்றே! அந்தக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் ஒன்றைக்கூட யாரும் போடுவதில்லை. மணம் முழுக்க ஈஸ்டின் கைவேலை. மால்ட்டின் சர்க்கரையைத் தின்று சாராயமும் நுரையும் தருவதும் அதுவே. ஈஸ்ட் சேராவிட்டால் உங்கள் தொட்டியில் மிஞ்சுவது இனிப்பான பார்லிக் கஷாயம்; காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம்.