தியாகத்துக்கும் உச்சவரம்பு

எல்லையில் ஒரு வீரர் செத்தால் ஊருக்கு என்னென்ன வரும் என்பது நமக்கு மனப்பாடம். கொடி போர்த்திய பெட்டி வரும். பெட்டியைத் தூக்க எட்டுப் பேர் வந்தால், அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எண்பது பேர் வருவார்கள். அமைச்சர் வருவார், அவர் கார் நுழைய இடம் போதாதென்று சாவு வீட்டுப் பந்தல்காலைப் பிடுங்குவார்கள். "பிள்ளைகள் படிப்பை இனி அரசு பார்த்துக்கொள்ளும்" என்று அவர் மைக்கில் முழங்க, "வீரவணக்கம்" என்று கூட்டம் பதில் முழங்கும். ஒன்பதாவது படிக்கும் மகன், தலையில் யார் யாரோ கைவைக்க, எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பான்.

அமைச்சர் சொன்னது பொய்யில்லை. 1971 போர் முடிந்த கையோடு நாடு கொடுத்த வாக்கு அது. போரில் இறந்த, காணாமல் போன, உடல் உறுப்பை இழந்த வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அரசு செலவு. ஆட்சிகள் மாறின, வாக்கு மாறவில்லை. கடைசியில் டெல்லியில் ஒரு கணக்குப்பிள்ளை கண்விழித்தார்.

ஏழாவது ஊதியக் குழுவைச் சாக்காக வைத்து, 2017 செப்டம்பர் 13 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. அதுவும் ஜூலை 1 முதல், முன்தேதியிட்டு! தகப்பன் உயிரைத் தவணையில் கொடுக்க முடியாது. ஒரே தடவையில் முழுசாகத்தான் கொடுத்தாக வேண்டும். மகன் படிப்புக்கு மட்டும் உச்சவரம்பு. மாதம் 10,000 ரூபாய்க்கு எவ்வளவு சாகலாமோ அவ்வளவு மட்டும் செத்திருக்க வேண்டும், விவரம் தெரியாத மனிதர்!

இந்தச் சிக்கனத்தால் தேசத்துக்கு என்ன மிச்சம்? நாடாளுமன்றத்தில் அன்றைய இணையமைச்சர் சுபாஷ் பாம்ரே கணக்குச் சொன்னார்: சலுகை பெறும் 2,679 மாணவர்களில் சுமார் 250 பேருக்குப் பாதிப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3.20 கோடி ரூபாய் மிச்சம். அதே அரசு, பதவியேற்ற நான்கு ஆண்டுகளில் தன்னைத்தானே விளம்பரம் செய்துகொள்ளச் செலவிட்டது 4,343 கோடி ரூபாய். 2018 மே மாதம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் இது. வகுத்துப் பார்த்தேன். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாறை குடைந்த காலத்திலேயே இந்த 250 பிள்ளைகளின் கட்டணத்தைப் பிடிக்க ஆரம்பித்திருந்தால், அந்த விளம்பரச் செலவுக்கு இப்போதுதான் பணம் தேறியிருக்கும்.

அன்றைய கடற்படைத் தளபதி சுனில் லான்பா பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. கப்பலும் நீர்மூழ்கியும் கேட்க வேண்டிய தளபதி, செத்துப்போனவர்களின் பிள்ளைகளுக்காக ஸ்கூல் ஃபீஸ் கேட்டார். முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். 2018 மார்ச்சில் உச்சவரம்பு விலகியது. சுட்டதும் கையை இழுத்துக்கொண்டதற்குக் கருணை என்று பெயர் சூட்டி, அதற்கும் கைதட்டினோம்.

உத்தரவு போனது, கணக்குப்பிள்ளை போகவில்லை. இறந்தவர் கதை இருக்கட்டும், உயிரோடு திரும்பி வந்தவர் கதையைப் பாருங்கள். ஹவில்தார் வரையிலான முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்கு, அதிலும் இரண்டு பேருக்கு மட்டும், கேந்திரிய சைனிக் போர்டு கல்வி உதவி தருகிறது. 2025 அக்டோபர் வரை அது மாதம் 1,000 ரூபாய். எல்.கே.ஜி. பிள்ளையின் வேன் கட்டணத்துக்கே பற்றாத அந்த ஆயிரத்துக்கு டிஸ்சார்ஜ் புக், ஆதார், பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றி, மாவட்ட அலுவலகத்தின் சரிபார்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளை பாஸான பிறகுதான் பணம். பள்ளிக்கூடமோ ஜூன் மாதமே கேட்கும். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த அந்த ஆயிரம், 2025 நவம்பர் முதல் இரண்டாயிரம் ஆனது. 'இரட்டிப்பு' என்று செய்தி வந்தது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை இரட்டிப்பாக்குவது எத்தனை சுலபம்!

அந்தப் பணமாவது அரசு கஜானாவிலிருந்து வருகிறதா? இல்லை, கொடி நாள் நிதியிலிருந்து. 1949 முதல் டிசம்பர் 7 தோறும் நம் பள்ளிகளில் சட்டையில் கொடி குத்தி உண்டியல் குலுக்குகிறோமே, அந்தக் காசு. அதாவது, உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புப் பையன் மிட்டாய்க் காசைப் போட்டு சிப்பாய் வீட்டு ஆறாம் வகுப்புப் பையனைப் படிக்க வைக்கிறான். நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வது அரசின் பங்கு.

இத்தனை தொல்லைக்கும் நிரந்தரத் தீர்வை 2022இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்னிவீர்! பதினேழரை வயதில் எடுக்கலாம். கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. நான்கு ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்குக் குறையாமல் வீட்டுக்கு அனுப்பலாம். ஓய்வூதியம் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. தகுதியே இல்லாதவனுக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால் அது எந்த அலுவலகத்தில் போய் எந்தப் படிவத்தை நிரப்பும்? உச்சவரம்பு போட்டால்தானே கூச்சல் வரும்? இப்போது வரம்பு போட ஆளே இல்லை. மனைவி, மக்கள், பென்ஷன் எதுவும் இல்லாத சிப்பாயைத்தான் நம் கணக்குப்பிள்ளை ஆயுள் முழுக்கக் கனவு கண்டார்.

எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. ஆள்சேர்ப்பு மைதானத்தில் விடியற்காலை 1,600 மீட்டர் ஓடக் காலில் செருப்பில்லாமல் நம் பையன்கள் வரிசையில் நிற்கிறார்களே, அங்கே ஒரு பலகை வையுங்கள். நீ செத்தால் உன் பிள்ளைக்கு என்ன தருவோம், பிழைத்து வந்தால் என்ன தருவோம், நாளைக்கு ஒரு அதிகாரிக்குத் தூக்கம் வராவிட்டால் அதில் எவ்வளவு குறைப்போம் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கடைசியில், நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்றும் போடுங்கள். மியூச்சுவல் ஃபண்டு விற்கிறவன்கூட அபாயத்தைச் சொல்லிவிட்டுத்தான் பணம் வாங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். உயிரை வாங்குகிற உங்களுக்கு மட்டும் எதற்கு விலக்கு?