மதிக்கிறார்களாம்!

“உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கிறோம்” என்று ஒரு கம்பெனி கேட்காமலேயே சொன்னால், சட்டைப் பையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையாக மதிக்கிறவன் அதைப் போர்டு எழுதி மாட்டுவதில்லை.

கோப்புகளைப் பகிரும் தளங்களில் இந்தப் போர்டு தவறாமல் தொங்கும். யாரோ உங்களுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறார். கல்யாண ஆல்பமாக இருக்கலாம், வாடகை ஒப்பந்தமாக இருக்கலாம், ஸ்கேன் ரிப்போர்ட்டாக இருக்கலாம். திறக்கிறீர்கள். வெள்ளைப் பக்கம், நடுவில் கோப்பின் பெயர், கீழே ‘டவுன்லோடு’ என்று ஒரு நீலப் பொத்தான். அமுக்கலாமா, வைரஸ் கிய்ரஸ் ஏதாவது வந்து தொலைக்குமா என்று தயங்குகிறீர்கள். தயங்கிப் பயனில்லை. உங்களைப் பற்றிப் போகவேண்டிய சேதி அதற்குள் போய்ச் சேர்ந்தாயிற்று.

அந்தப் பக்கத்தில் உங்கள் கண்ணில் படாத படம் ஒன்று உண்டு. அகலம் ஒரு பிக்சல், உயரம் ஒரு பிக்சல், நிறம் கிடையாது. பெரும்பாலும் 43 பைட் அளவுள்ள ஜிஃப். பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததை வாங்கிவர உங்கள் பிரவுசர் இன்னொருவன் சர்வர் வாசலில் போய் நின்றாக வேண்டும். நின்றால் விவரம் சொல்லியாக வேண்டும். ஐ.பி. எண், அதை வைத்து ஏறக்குறைய எந்த ஊர், யாரிடம் இணைப்பு வாங்கியிருக்கிறீர்கள், என்ன போன், என்ன மொழி, மணி என்ன. ஏற்கெனவே குக்கி ஒட்டியிருந்தால், போன மாதம் வேறொரு தளத்தில் செருப்பு விலை பார்த்தவரும் நீங்கள்தானா. கோப்பை இறக்காமலே பக்கத்தை மூடிவிட்டாலும் வந்து போன கணக்கு அழியாது. 1999-லேயே ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இதை ‘வெப் பக்’, அதாவது வலைப்பூச்சி, என்று அழைத்து, கேள்வி பதிலாக எழுதி ஊரை எச்சரித்தார். கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. பூச்சி கொழுத்திருக்கிறது.

பகிர்வுப் பக்கத்தில் இது உட்காருவது மற்ற இடங்களைவிட அயோக்கியத்தனம். காரணம், பெரும்பாலான பகிர்வு லிங்குகளில் விலாசமும் சாவியும் ஒன்றுதான். பாஸ்வேர்டு கிடையாது, லிங்க் எவன் கையில் இருக்கிறதோ அவன் திறக்கலாம். “இன்ன பக்கத்துக்கு ஆள் வந்திருக்கிறார்” என்று பிக்சல் விளம்பரக் கம்பெனிக்குச் சேதி சொல்லும்போது பக்கத்தின் முழு முகவரியையும் சேர்த்து ஒப்பித்தால், ஆள் வந்த தகவலோடு வீட்டுச் சாவியும் போகிறது.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2014 மே மாதம் இன்ட்ராலிங்க்ஸ் என்ற நிறுவனம் தன் கூகுள் விளம்பரங்களின் கணக்கறிக்கையைப் புரட்டியபோது, முன்பின் தெரியாதவர்களின் டிராப்பாக்ஸ், பாக்ஸ் லிங்குகள் அதில் வரிசையாகக் கிடந்தன. சொடுக்கினால் வருமானவரிப் படிவம், வீட்டுக் கடன் விண்ணப்பம். யாரும் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. லிங்கை முகவரிப் பட்டையில் ஒட்டாமல் தேடல் பெட்டியில் ஒட்டிய அப்பாவிகளின் கோப்புகள் அவை. அதே சமயம் இன்னொரு ஓட்டையும் வெளியே வந்தது: கோப்புக்குள் இருக்கும் ஏதாவது ஓர் இணைப்பைத் தொட்டால், போய்ச் சேர்கிற தளத்திடம் “இன்ன இடத்திலிருந்து வருகிறேன்” என்று பிரவுசரே லிங்கை உளறிவிடும். டிராப்பாக்ஸ் அவசர அவசரமாக அதை அடைத்தது. இவ்வளவும் நடந்த பிறகு, பகிர்வுப் பக்கத்தில் அந்நிய சர்வரை அழைக்கும் பிக்சலைக் கொண்டுவந்து வைக்கிறவனை ‘கவனக்குறைவு’ என்று மன்னிக்க எனக்கு நா எழவில்லை.

உளவையே சரக்காக விற்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய கோப்பை யார் திறந்தார், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் தங்கினார் என்று உங்களுக்குச் சொல்வது டாக்சென்ட் நிறுவனத்தின் தொழில். 2021-இல் டிராப்பாக்ஸ் அதை 16.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஓட்டை அடைத்த கைதான். முதலீட்டாளர்களிடம் திட்டத்தை நீட்டும் புதுக் கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய வரம். சரி, அனுப்புகிறவருக்குச் சொல்லித்தான் விற்கிறார்கள். படிக்கிறவர்? வேலைக்கான ஒப்பந்தம் ஒன்று இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் போட்டிருக்கும் பக்கத்தில் நீங்கள் நான்கு நிமிடம் தவித்தது, நாளை உங்களோடு பேரம் பேசப்போகிறவர் மேசையில் வரைபடமாக விரிந்திருக்கும். நீங்கள் அவரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்? அவருடைய லோகோவின் நிறம்.

பெரிய மனிதர்கள் என்றைக்கும் இதில் பின்தங்கியதில்லை. 2006-இல் ஹியூலட் பக்கார்ட் நிர்வாகக் குழுவின் ரகசியங்கள் பத்திரிகைக்குக் கசிந்தன. கம்பெனி அமர்த்திய ஆட்கள் என்ன செய்தார்கள்? மனம் வெதும்பிய ஊழியர் என்று ஒருவரைக் கற்பனையில் பெற்றெடுத்து, அவர் பெயரில் ஒரு பெண் நிருபருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கூடவே ஒரு கோப்பு, அதற்குள் துப்புச் சொல்லும் பொறி. நிருபர் அதைத் தனக்குச் சேதி தரும் ஆளுக்கு அனுப்புவார், ஆள் அகப்படுவார் என்று கணக்கு. பிறர் பெயரில் நடித்து அவர்களுடைய தொலைபேசிப் பட்டியல்களை ஏமாற்றி வாங்கியதும் சேர்ந்து வெடித்தது. குழுத் தலைவி பாட்ரிசியா டன் பதவி விலகினார். கலிஃபோர்னியா அரசுக்கு 1.45 கோடி டாலர் கட்டிக் கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது 2019 கதை. அமெரிக்கக் கடற்படையின் சீல் படைவீரர் எட்வர்ட் கேலகர் மீது போர்க்குற்ற வழக்கு. ஆவணங்கள் வெளியே கசிகின்றன. கசியவிடுவது யார் என்று கண்டுபிடிக்க, அரசுத் தரப்பிலிருந்து எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கும் ஒரு பத்திரிகையாளருக்கும் கண்காணிப்புப் பொறி பதித்த மின்னஞ்சல் போகிறது. பொறியை எங்கே ஒளித்தார்கள் தெரியுமா? கையெழுத்துக்குக் கீழே ஒரு படத்தில். அமெரிக்கக் கொடி, அதன் முன்னே ஒரு கழுகு, கழுகு உட்கார்ந்திருப்பது நீதித் தராசின்மேல். அங்கதம் எழுதிப் பிழைக்கிறவன் இப்படி ஒரு காட்சியை எழுதினால் மிகை என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். வழக்கை நடத்திய தலைமை அரசு வக்கீலை நீதிபதி வழக்கிலிருந்தே தூக்கினார். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து கேலகரும் விடுபட்டார்.

கோப்புப் பகிர்வை வைத்தே வலை பின்னிய வக்கீல்களும் உண்டு. பிரெண்டா லா என்ற பெயரில் இயங்கிய கும்பலின் ஜான் ஸ்டீல், பால் ஹான்ஸ்மையர் இருவரும் ஆபாசப் படங்களைத் தாங்களே கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஏற்றிவிட்டு, இறக்கியவர்களின் ஐ.பி. எண்களைப் பொறுக்கி, “சில ஆயிரம் டாலர் கொடு, இல்லாவிட்டால் ஊரறிய வழக்கு” என்று மிரட்டிச் சம்பாதித்தார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது அப்பாவா, மகனா, பக்கத்து வீட்டு வைஃபை திருடனா என்பதெல்லாம் அவர்கள் கவலை இல்லை. ஹான்ஸ்மையருக்கு 2019-இல் 14 ஆண்டு சிறை. எண் பொறுக்கியதற்காக அல்ல. நீதிமன்றத்திடம் பொய் சொல்லி மோசடி செய்ததற்காக. வெறுமனே பொறுக்கிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு எங்காவது கருத்தரங்கில் தரவு நிபுணர்களாக மாலை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை சிரித்தோம். இனி எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2022 ஜூன் 16 அன்று ‘தி மார்க்கப்’ என்ற செய்தித்தளம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் முதல் 100 மருத்துவமனைகள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் 33-இன் தளங்களில் ஃபேஸ்புக்கின் பிக்சல் இருந்தது. நோயாளி ‘அப்பாயிண்ட்மெண்ட்’ பொத்தானைத் தொட்டால் ஃபேஸ்புக்குக்குச் சேதி போகும். ஓஹயோ மாநிலத்து மருத்துவமனை ஒன்றின் தளத்தில் நிருபர்கள் தொட்டுப் பார்த்தபோது பொத்தானின் வாசகம் போயிற்று, டாக்டரின் பெயர் போயிற்று, அந்த டாக்டரைக் கண்டுபிடிக்கத் தேடிய சொல்லும் போயிற்று. தேடிய சொல், ‘கருக்கலைப்பு’. எட்டு நாள் கழித்து, ஜூன் 24 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தது. அன்றைக்கே ஓஹயோவில் ஆறு வாரத் தடை அமலுக்கு வந்தது. பயந்துபோய் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் தேடுகிற ஒரு பெண்ணின் தேடலை, சோப்பு விளம்பரம் விற்கிற கம்பெனிக்கு எடுத்துக் கொடுத்த உங்களுக்கு மருத்துவமனை என்ற பெயர் ஒரு கேடா? அங்கே தொழில் ரகசியம் காக்கும் உறுதிமொழி எல்லாம் டாக்டருக்கு மட்டும்தானோ? தளம் கட்டியவன் எந்த உறுதிமொழியும் எடுக்கவில்லை என்பதா சமாதானம்?

2024 ஏப்ரலில் கைசர் பெர்மனென்டே என்ற மாபெரும் மருத்துவ நிறுவனம், இப்படிப்பட்ட கருவிகள் வழியாக விவரம் வெளியே போயிருக்கலாம் என்று 1.34 கோடி பேருக்குத் தகவல் சொல்லப்போவதாக அறிவித்தது. மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ், விவரங்களை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் ஓதியதற்காக 2023-இல் கட்டச் சம்மதித்த அபராதம் 15 லட்சம் டாலர். இதற்குப் பெயர் தண்டனை இல்லை; லைசென்ஸ் கட்டணம்.

‘சம்மதம்’ வாங்குகிறார்களே என்பீர்கள். வாங்குகிற அழகைப் பாருங்கள். ‘ஏற்கிறேன்’ ஒரே தொடுதல். மறுப்பதற்கு உள்ளே போய், கீழே இறங்கி, ஒவ்வொரு விசையாக அணைக்க வேண்டும். இந்தக் கோணல் புத்திக்காகவே 2022 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் தீட்டியதாக அறிவித்தது. இவர்கள் கையை யாராவது பிடித்தால் உடனே ஒப்பாரிதான். 2021-இல் ஆப்பிள் தன் மெயிலில் பிக்சலைக் குழப்பும் வசதியைக் கொண்டுவந்தபோது எழுந்த ஒப்பாரிபோல இன்னும் எத்தனையோ ஒப்பாரிகள்: சிறு வியாபாரி செத்தான், வாடிக்கையாளரை எப்படிப் புரிந்துகொள்வது? முன்பெல்லாம் வாடிக்கையாளரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

எனக்கு ஒரு யோசனை. பிக்சலை ஒழிக்க வேண்டாம், வளர்ப்போம். 1-க்கு 1 என்றிருப்பதை 600-க்கு 600 ஆக்குவோம். டவுன்லோடு பொத்தானுக்கு நேர்மேலே வைப்போம். அதில் கம்பெனித் தலைவரின் முகம் இருக்கட்டும், கண் நம்மைப் பார்த்தபடி. கீழே கொட்டை எழுத்தில்: “வாங்க. நீங்கள் வந்ததை இன்னின்னாரிடம் சொல்லிவிட்டேன்.” இன்னின்னாரின் பட்டியல் பெயர் பெயராக. நாதஸ்வரம் வைத்து, ஊர்ப் பெரியவரைக் கூப்பிட்டு, முறையாகப் படத்திறப்பு நடத்துங்கள். இதில் தப்பே இல்லை, எல்லாரும் செய்வதுதான், உங்கள் வசதிக்காகத்தான் என்று கோட்டு சூட்டோடு நாடாளுமன்றக் குழுக்களின் முன்னால் சாதிக்கிற கனவான்களுக்கு முகத்தைக் காட்ட என்ன கூச்சம்?

“இந்த முகத்தைப் பார்த்தால் வந்தவன் ஓடிவிடுவானே” என்று மார்க்கெட்டிங் மேனேஜர் கையைப் பிசைவார். ஓடட்டுமே ஐயா. எந்த ஊர்க்காரன், என்ன போன், எத்தனை மணிக்கு ஓடினான் என்பதெல்லாம்தான் உங்களிடம் இருக்கிறதே.